அளவு குறைந்தால் குற்றவாளி நோயாளி மட்டும்தானா?

"ஃபெனிட்டாயின் அளவு குறைவாக வந்தால், நோயாளி மாத்திரையைத் தவறவிட்டிருக்கிறார்" என்று, இந்த வலிப்பு மருந்தின் ரத்த அளவைப் பற்றிய கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதற்கு முன் ரத்தம் எந்தக் குழாயில் எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். ரத்த அணுக்களைப் பிரிக்கும் ஜெல் உள்ள குழாயில் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) மணிக்கணக்கில் விட்டுவைத்தால் அந்த ஜெல்லே ஃபெனிட்டாயினையும், கார்பமசெபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஜெல் இல்லாத குழாய், காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தம், இதுதான் சரி.

மருந்தைத் தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் வேறு வம்பு. 200 மைக்ரோலிட்டர் சீரத்தில், இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) கலந்த 400 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை விட்டு, அரை நிமிடம் வோர்டெக்ஸில் வேகமாகக் குலுக்கி, 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் புரதம் அடியில் வெள்ளையாக இறுகிவிடும். மேலே தெளிந்ததை அப்படியே இன்ஜெக்ட் செய்தால், கருவிக்குள் ஓடும் கரைசலான மொபைல் ஃபேஸைவிட அதில் அசிட்டோநைட்ரைல் அதிகம் என்பதால் பீக் (வரைபடத்தில் மருந்தைக் காட்டும் முகடு) முன்பக்கம் சரியும், சில சமயம் இரண்டாகவும் பிளக்கும். சம அளவு தண்ணீர் சேர்த்து 20 மைக்ரோலிட்டர் விட்டால் போதும். பாஸ்பேட் பஃபர் ஓடிய சி18 காலமுக்குள் (மருந்தைப் பிரிக்கும் குழாய்) நேராக அசிட்டோநைட்ரைலை ஏற்றாதீர்கள். உப்பு படிந்து பிரஷர் எகிறும். முதலில் தண்ணீர் அதிகமுள்ள கலவையால் கழுவுங்கள்.

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை இதே யூவி (புற ஊதா ஒளியால் அளக்கும்) ஓட்டத்தில் தேடுவது வீண். ஒளியை உறிஞ்சும் வளையம் அதற்குக் கிடையாது.

ரத்தப் புரதமான ஆல்புமின் குறைந்தவர்களுக்கு மொத்த ஃபெனிட்டாயின், மில்லிலிட்டருக்கு 10–20 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குக் கீழே காட்டும். ஆனால் புரதத்தோடு ஒட்டாத பங்கு சரியாகவே, அதாவது 1–2 மைக்ரோகிராமுக்குள், இருக்கலாம். அங்கே டோஸை ஏற்றினால் தள்ளாட்டமும் கண்விழி தானாக ஆடுவதும்தான் மிஞ்சும்.