ரப்பர் சருகும் கடற்கரை மணலும்
ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்தால்தான் கேரவன் (தங்கும் வசதியுள்ள வேன்) பயணம் நிறைவு பெறும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தில், அதிலும் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் வண்டியை நிறுத்துபவர்கள் யோசிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்; அப்புறம் தோட்டம் முழுக்கக் காய்ந்த சருகுதான். ஒரு பொறி பறந்தால் போதும், பல வருஷம் வளர்த்த மரத்தின் பட்டை வெந்து பால் வெட்ட முடியாமல் போய்விடும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882 ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றமும்கூட. கடற்கரை என்றால் மணல் போட்டு மூடினால் சரி என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து போட்ட ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தவறு, நண்பரே. மணலுக்கு அடியில் கனல் மணிக்கணக்கில் சூடு அடங்காமல் கிடக்கும், மேலே பார்த்தால் தெரியாது. எங்கள் கடலோரத்தில் விடியும் முன்னே வெறுங்காலோடு வேலைக்கு வருகிறார்கள். முட்டம் பக்கம் எங்கள் உறவுக்காரப் பையனுக்கு உள்ளங்கால் வெந்தது அப்படித்தான். தண்ணீர் ஊற்றிக் கிளறி, சூடு முழுக்கப் போன பிறகுதான் கிளம்ப வேண்டும். புகையும் சின்ன விஷயம் இல்லை. ஆஸ்துமா உள்ள அம்மாவோடு வேனில் தங்கியபோது, பக்கத்து வண்டிக்காரர்கள் மூட்டிய நெருப்பால் ஜன்னலை அடைத்துக்கொண்டு வேர்த்துக் கிடந்தோம். போய்ச் சொன்னதும் உடனே அணைத்துவிட்டார்கள், நல்ல மனிதர்கள். மூட்டும் முன்னே காற்று யார் ஜன்னல் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். மழை வந்தால் மிச்சக் கனலை வண்டிக்குள் எடுத்துப் போகவே போகாதீர்கள், கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.