ஒளிந்துகொண்டார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை

"கொரோனா நேரத்தில் காரைக்குடிப் பக்கம் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் மட்டும் பயந்து கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஒளிந்துகொண்டார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். 2020 ஊரடங்கில் பல கிளினிக்குகள் மூடிக் கிடந்தது உண்மை. காதடைப்போடு அலைந்த ஆச்சிகளின் கோபமும் நியாயமானதே. ஆனால் பயம் என்று ஒரே சொல்லில் முடிப்பது அநியாயம்.

அந்தக் கிருமி குடியிருந்த இடமே மூக்கும் தொண்டையும்தான். வேறு மருத்துவரிடம் முகக்கவசத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். இவர்களிடம் அதைக் கழற்றி வாயைத் திறந்தாக வேண்டும். நாக்கை அழுத்தியதும் குமட்டல் வரும், கூடவே இருமல். மருத்துவரின் முகமோ ஒரு சாண் தூரத்தில். மூக்குக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பது எல்லாமே நுண்துளிகளைக் கிளப்பும் வேலைகள். முகத்தை மூடும் ஒளிபுகும் தடுப்பு (ஃபேஸ் ஷீல்டு) அணிந்தால் மூச்சுக்காற்றில் அது மங்கிவிடும். பிறகு காதுத்துளைக்குள் எதைப் பார்ப்பது? அவசரமில்லாதவற்றைத் தள்ளிவைக்கச் சொன்னவை மருத்துவ வழிகாட்டுதல்களே.

சரி, ஒளிந்தவர்கள் என்றால் 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் வந்தபோது, மூக்கிலும் சைனஸிலும் அழுகிய திசுவை வெட்டி எடுத்தது யார்? சர்க்கரை கட்டுப்படாத நோயாளிகள், பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்கு நாடெங்கும் தட்டுப்பாடு, தாமதித்தால் கண் போகும், உயிரும் போகும். அந்த அறுவைகளில் முன்வரிசையில் நின்றவர்கள் இவர்கள்தாம்.

கருப்புப் பூஞ்சை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. கீழே ஒருவர் தொற்றும் என்று தப்பாக எழுதிவைத்திருக்கிறார்.