பெடியன்களைப் பழக்க ஆம்பிளைதான் வேணுமாம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில என்ன நடந்தது என்று திருகோணமலை ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓடியோவே ஊரெல்லாம் சுத்துது. "பெடியன்களுக்கு ஆம்பிளை ஒராள் இருந்தால் நல்லம்தானே" என்று நல்ல பிள்ளை மாதிரிச் சொல்லி, எங்கட பெடியன்களைப் பழக்கின கரப்பந்து கோச் அக்காவை வீட்ட அனுப்பியாச்சு. அவ பழக்கினதில குறை என்று ஒருத்தர் வாயிலயும் ஒரு சொல் வரேல்ல. பொம்பிளை. அவ்வளவுதான் குற்றம்.

எங்கட ஊரை விடுங்கோ. அமேலி மொரெஸ்மோவைத் தெரியுமோ? பிரான்ஸ்காரி. 2004ல டெனிஸில உலகத்தின்ர முதலாம் இடம். 2006ல அவுஸ்திரேலிய ஓபன், விம்பிள்டன் என்ற ரெண்டு பெரிய கிராண்ட்ஸ்லாம் பட்டமும் எடுத்தவ. ஆடி முடிச்சு கோச்சா வந்து, 2013ல மரியன் பார்டோலி விம்பிள்டன் வெல்லேக்க கூட நின்றவ. அடுத்த வருசம் பிரித்தானிய டெனிஸ் வீரர் அன்டி மரே அவவைக் கோச்சா எடுக்க, எத்தினை பேருக்கு வயித்தெரிச்சல்! மரேயைச் சின்னனில பழக்கினதே தாய் ஜூடிதான். அது ஒருத்தரையும் உறுத்தேல்ல. தாய் என்றால் பரவாயில்லைப் போல.

"அவவோட மரே ஒரு கிராண்ட்ஸ்லாமும் எடுக்கேல்லையே, ஆம்பிளைக் கோச் லெண்டிலோடதானே எடுத்தவர்" என்று ஒரு அண்ணை கட்டாயம் வருவார். எடுக்கேல்லத்தான். ஆனா முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு தடுமாறின மனுசன், அதுவரைக்கும் களிமண் தரையில ஒரு பட்டமும் காணாதவர், 2015ல மியூனிக்கில வென்றார். அடுத்த கிழமையே மட்ரிட்டில, அதுவும் களிமண் தரை ராசா நடாலை, 6-3, 6-2. இதை அந்த அண்ணை சொல்லமாட்டார். தான் தோற்கேக்க முந்தின கோச்மாரில விழாத பழி இவவில மட்டும் விழுந்தது என்று மரேயே சொன்னவர். 2022ல இருந்து பிரெஞ்சு ஓபனையே நடத்திறவ அவ. ஆம்பிளையளின்ர ஆட்டத்துக்குத்தான் கவர்ச்சி கூட என்று அந்த வருசம் அவவும் ஒரு கதை விட்டவதான். அதில எனக்கும் கோபம். அதை வேற நாள் கதைப்பம்.

பழக்கத் தெரியுமோ, தெரியாதோ? அதை மட்டும் பாருங்கோவன்.

என்ர மகன் சேர்விஸ் போடேக்க பந்தைத் தலைக்குப் பின்னால எறிவான். அக்கா டச் பே கடற்கரை மண்ணில தன்ர செருப்பைக் கழட்டி அவனுக்கு முன்னால வைச்சா. "அடிக்காதை. எறிஞ்சிட்டு விடு. இதுக்கு மேல விழோணும்." செருப்பில பந்து ஒழுங்கா விழுமட்டும் ஒரு அடி அடிக்க விடேல்ல. இதுக்கு மீசை வேணுமோ?

"ஒழுக்கம், பாதுகாப்பு" என்று சிலர் இழுக்கினம். வலைப்பந்து விளையாடுற பொம்பிளைப் பிள்ளையளை மாஸ்டர்மார் காலங்காலமாப் பழக்கேக்க இந்த ஒழுக்கம் எங்க போனது? கோவிலுக்கோ?

எனக்கு ஏன் இவ்வளவு சுடுது என்று கேப்பியள். என்ர தங்கச்சி மாகாண மட்டத்தில ஓடினவ. சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கோணும் என்று ஆசைப்பட்டு ஒரு இடத்தில கேட்டவ. "கலியாணம் கட்டிப்போட்டு வாங்கோ பாப்பம்" என்று சிரிச்சுக்கொண்டு சொன்னவங்கள். கட்டினா. போகேல்ல. அந்த ஓடியோவை நேற்று அவவுக்கு அனுப்பினன், கேட்டிட்டா, ஒரு பதிலும் போடேல்ல. அதுக்குப் பிறகுதான் இதை எழுதக் குந்தினன்.

புதுசா வாற சேரில எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர் நல்ல மனுசனாவும் இருக்கலாம். ஆனா நான் காசு கட்டினது அக்காட்டப் பழகத்தான். மிச்ச மாசத்துக் காசை நிர்வாகம் திருப்பித் தரட்டும். உப்புவெளியில அவ தனியாப் பழக்கத் தொடங்கினா, முதல் பேர் என்ர மகன்ர.