பத்து வெள்ளிப் புழு

டயரைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டும் புண்ணியவான்களே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் பெண்டாட்டி பிள்ளை ஏறும் காடிக்கும் இப்படித்தான் ஒட்டுவீர்களா?

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா பால்மரம் சீவியவர், பாட்டி பால் வாளி சுமந்தவர். 1877-இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். இப்போது சுற்றிலும் செம்பனைதான் என்றாலும் ரப்பரில் கஞ்சி குடித்த ஊர் இது. அந்த ஊரில் ஒரு ரப்பர் டயரில் விழுந்த ஓட்டையை ஒழுங்காக அடைக்க ஆள் தேடி அலைகிறேன். வயிறு எரியாதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலையில் பார்த்தால் என் மைவி காடியின் இடது முன் டயர் பாதி உட்கார்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். டயரின் ஓரத்தில் ஒரு ஸ்குரூ, தலை தேய்ந்து வெள்ளிக்காசு மாதிரி மின்னியது. எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கத்தில் புது வீடுகள் எழும்புகின்றன. லாரி போகிற வழியெல்லாம் ஆணி. அதில் எனக்குக் கோபமே இல்லை. பஞ்சர் யாருக்கும் ஆகும்.

காத்து அடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். நம்ம பையன்தான் நின்றான். "பத்து வெள்ளிண்ணே, அஞ்சு நிமிஷம். சக்கரத்தக் கழட்டவே வேணாம்." ஸ்டியரிங்கை ஒடித்து வைத்தான், குறடால் ஸ்குரூவைப் பிடுங்கினான். உஸ்ஸென்று காத்து. ரம்பப் பல் வைத்த கம்பியை ஓட்டைக்குள் விட்டு, ஏதோ தேங்காய் துருவுவது போல நாலு குடை குடைந்தான். அப்புறம் அந்தப் பிசுபிசுப்பான பழுப்புக் கயிறு. மலாய்க்காரர்கள் அதைச் 'சாச்சிங்' என்பார்கள், புழு என்று அர்த்தம். அதை உள்ளே சொருகி, வெளியே நீட்டியதைக் கத்தியால் அறுத்துவிட்டு, விரலில் எச்சில் தொட்டு அதன்மேல் தடவினான். நுரை வரவில்லை. "ஓக்கேண்ணே!"

சவுக்காரத் தண்ணீர்கூட இல்லை. எச்சில்!

நானும் பல்லிளித்துக்கொண்டு பத்து வெள்ளியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கடுப்பு என் மேலேயே இருக்கிறது, மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம், ஈப்போவில் மச்சினிச்சி மகள் நிச்சயதார்த்தம். பின்னால் அம்மா, பக்கத்தில் மனைவி, அவள் மடியில் தட்டு. பழைய ரோட்டில் கந்தான் தாண்டும்போது ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. அந்த ரோட்டில் ஓடுகிற சிமெண்டு லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னால் ஒன்று வந்தால் கண்ணாடி முழுக்க அதன் மூக்குத்தான். நல்ல வேளை, பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. காலை மட்டும் எடுத்துவிட்டு, ஓரமாக இடம் வருகிற வரைக்கும் தடதடவென்று உருட்டிக்கொண்டு போனேன். அம்மா வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டார்.

ஸ்பேர் டயர் மாற்றலாம் என்றால் நட் அசையவில்லை. இது வேறொரு புண்ணியவான் செய்த வேலை. போன சர்வீஸில் காத்துத் துப்பாக்கியை வைத்து டர்ர்ர் என்று இறுக்கினானே, அவன். கையால் திருகி, குறுக்கும் மறுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனரால் பார்க்க வேண்டிய நட் அது. சின்னக் காடிக்கு 100 நியூட்டன் மீட்டர் பக்கம் இறுக்கம் போதும். அதற்கு மேல் இறுக்கினால் போல்ட் இழுத்துக்கொள்ளும், ரோட்டோரத்தில் நிற்கிறவன் நாதியற்றுப் போவான். நான் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தேன். நிச்சயதார்த்த வேட்டியோடு. செம்பனைக் குலை ஏற்றிப் போன லாரியை நிறுத்தி ஒரு மலாய்க்காரப் பாக்சிக் (பெரியவர்) இறங்கினார். ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகி, "பெலான் பெலான்" (மெதுவா, மெதுவா) என்று சொல்லிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் நாலையும் தளர்த்திக் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

மறுநாள் வேறொரு கடை. அவர் டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாலு டயரையும் மாத்திடுங்க, எப்சோபரும் லீக்கு, எலைன்மெண்டும் போயிருக்கும்." எதை வைத்துச் சொன்னாரோ, ஜாதகமா பார்த்தார்? 'புது டயர்' என்று உருட்டிக்கொண்டு வந்ததில் பக்கவாட்டு எழுத்தைப் படித்தேன். கடைசி நாலு இலக்கம் 1419. அப்படியென்றால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்த சரக்கு. "இது பழசுதானே?" என்றேன். "அது மாடல் நம்பருண்ணே" என்றார். மாடல் நம்பராம்! காடி வைத்திருக்கும் எல்லாரும் போய் அவரவர் டயரில் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதைப் படிக்கத் தெரிந்தவனிடம் இந்த வியாபாரம் ஓடாது.

கடைசியில் மாட்டியது ஸ்டேஷன் பக்கம் இருக்கும் ஒரு சீனப் பெரியவர். தோட்டத்துக்காரர்களோடு பழகிப் பழகி என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, என்னைக் கூப்பிட்டு, "உள்ள கை போடு தம்பி" என்றார். போட்டேன். கை முழுக்கக் கரித்தூள், மை அரைத்த மாதிரி. காத்தில்லாமல் உருட்டினேன் அல்லவா, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் பக்கவாட்டு நசுங்கி உள்ளேயே அரைபட்டுக் கொட்டிய ரப்பர் அது. வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது. கழற்றாமல் ஒருத்தன் காத்தடித்துக் கொடுத்திருந்தால் அதையே ஓட்டியிருப்பேன்.

அப்புறம் அந்தப் புழுவைக் காட்டினார். உள்பக்கம் கயிறு பாதி பிதுங்கித் தொங்கியது. "இந்த ஓரத்துல எவனும் ஒட்டக் கூடாது. வளைஞ்சு வளைஞ்சு பிடுங்கிடும். முதல் நாளே மாத்தச் சொல்லணும்."

ஓட்டை தரையைத் தொடுகிற பட்டைக்குள் இருக்க வேண்டும், 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் ஒட்டலாம். ஒட்டுவதும் உள்ளேயிருந்துதான். காளான் மாதிரி ஒன்று இருக்கிறது. தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உள்பக்கம் படிந்து ஒட்டிக்கொள்ளும். வெறும் புழு ஓட்டையை மட்டும்தான் அடைக்கும். சரியாக உட்காரவில்லையென்றால் பக்கத்தில் தண்ணீர் இறங்கி, ரப்பருக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். நம்ம ஊர் மழைக்குக் கேட்கவா வேண்டும். அவசரத்துக்கு அடுத்த கடைவரை போக அது சரி. அதையே 'ஓக்கேண்ணே' என்று ஈப்போவுக்கு அனுப்பி வைப்பதுதான் அக்கிரமம்.

அவர் ஒரே ஒரு டயர் விற்றார். எதிர்ப்பக்க டயரில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, "இன்னும் ஓடும், சட்டம் கேக்கறது 1.6 மில்லிமீட்டர், இதுல நிறைய இருக்கு" என்று அதை விட்டுவிட்டார். மற்றவன் நாலு விற்கப் பார்த்த இடத்தில் ஒன்று. வால்வையும் மாற்றி, நட்டைக் கையால் முடுக்கி, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துக் காத்து அடித்தார். நான் கேட்பதற்கு முன்பே பில் கிழித்துக் கொடுத்தார்.

"நம்ம ஆளு" என்றுதானே முதல் கடைக்குப் போனேன். இனிமேல் எனக்கு ஒரே கணக்குத்தான். கழற்றி உள்ளே காட்டுகிறவன் நம்ம ஆள். எந்த மொழி பேசினாலும் சரி. "உள்ளே பார்க்கணுமா, எதுக்குண்ணே?" என்று இழுக்கிறவன் கடையிலிருந்து அந்த நிமிடமே ரிவர்ஸ் எடுத்துவிடுவேன்.

கோபம் ஆறாமல் அந்தப் பத்து வெள்ளிக் கடைக்குத் திரும்பப் போனேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் புகார் கொடுக்கலாம், அதற்கு ரசீது வேண்டுமே. பையனிடம் கேட்டேன். "பத்து வெள்ளிக்கெல்லாம் பில்லா?" என்று சிரித்தான். விடாமல் நின்றேன். முதலாளியைப் பார்த்தான், அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொடுத்தான்: 'டயர் 1 – 10 வெள்ளி – காரண்டி இல்லை.'