ஐந்து மணிக்குப் பூட்டும் ஆய்வகம்

ஒரு பல்கலைக்கழகத்தின் தொழில்துறை ஆலோசனைக் குழுவில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். வட்டார அளவிலான பல்கலைக்கழகம்தான், பெயர் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு கூட்டம். பூங்கொத்து கொடுப்பார்கள், பவர்பாயிண்ட் ஓடும், இந்த ஆண்டு எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டோம் என்று கணக்கு வாசிப்பார்கள், கடைசியில் குழுப்படம். போன கூட்டத்தில் அந்தக் கணக்கு 70-ஐத் தாண்டியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கைதட்டல் அடங்கியதும் ஒன்று கேட்டேன். இயந்திர ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? ஐந்து வரை என்றார்கள். எங்கள் பட்டறையில் பகல் ஷிஃப்ட் முடிவதே ஐந்தரைக்கு. அதாவது, 70 நிறுவனங்களோடு கைகுலுக்கிய அந்த ஆய்வகத்துக்குள் அந்த நிறுவனங்களில் வேலை பார்க்கும் ஒருவர்கூட வேலை நாளில் கால் வைக்க முடியாது. இதைச் சொன்னபோது அறையில் யாரும் கோபப்படவில்லை. யாருக்கும் அது அதுவரை தோன்றியதே இல்லை, அவ்வளவுதான்.

வட்டாரப் பல்கலைக்கழகங்கள் ஊரோடும் தொழில்களோடும் கைகோத்து வேலைக்கான ஆட்களை உருவாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பேர்பெற்ற பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவர் எங்கே வேண்டுமானாலும் போய்விடுவார். வட்டாரப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களோ பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள். அந்த வட்டாரத்துச் செவிலியர், பள்ளி ஆசிரியர், கணக்காளர், தொழிற்சாலை மேற்பார்வையாளர் எல்லாம் அவர்கள்தான். ஆகவே அந்தப் பல்கலைக்கழகம் சரியாக இயங்கினால் பலன் பக்கத்திலேயே தெரியும், சொதப்பினாலும் பக்கத்திலேயே தெரியும். நான் பார்த்தவரை, கூட்டாண்மை உண்மையானதா என்று அறிய ஒப்பந்தக் கோப்பைப் புரட்ட வேண்டியதில்லை. அதற்காகப் பல்கலைக்கழகம் தன் கால அட்டவணையில் எதை மாற்றியது, நிறுவனம் தன் பையிலிருந்து எதை எடுத்து வைத்தது என்று பார்த்தால் போதும். இரண்டுக்கும் 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால் மிஞ்சுவது குழுப்படம் மட்டும்தான்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 1906-ல் செய்தது இதைத்தான். ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் தொழிற்சாலை. ஒரே வேலைக்கு இரண்டு மாணவர்கள். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் இயந்திரத்தின் முன்னால் நிற்பார். தொழிற்சாலைக்கு வேலை நிற்காது, மாணவருக்குக் கூலியும் கிடைக்கும். 27 மாணவர்களோடு தொடங்கினார். ஓராண்டு செய்து பார்க்கட்டும், தோற்றால் நாங்கள் பொறுப்பில்லை என்ற தோரணையில்தான் நிர்வாகம் அனுமதி கொடுத்ததாம். (நிர்வாகங்கள் எந்தக் காலத்திலும் நிர்வாகங்கள்தான்.) கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியபோது படிப்புப் பருவமும் வேலைப் பருவமும் மாறி மாறி வரும்படி ஆண்டையே வெட்டி அடுக்கியது. இரண்டு இடத்திலும் முதலில் மாறியது நாட்காட்டி. பாடப்புத்தகம் அப்புறம்தான்.

ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் 1974-ல் தொழிற்கல்விக் கழகமாகத் தொடங்கி, 2009-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற இரட்டை முறைக் கல்வி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கே சேர வேண்டுமானால் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதம் படிப்பு, மூன்று மாதம் நிறுவனத்தில் வேலை என்று மூன்று ஆண்டுகள் ஓடும். அத்தனை மாதமும் சம்பளம் தருவது நிறுவனம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாதத்துக்கும் சேர்த்துத்தான். மூன்று ஆண்டுகள் சம்பளம் கொடுக்கிற நிறுவனம் பாடத்தில் என்ன இருக்கிறது என்று கவனிக்காமல் இருக்குமா? அதை வற்புறுத்திக் கூட்டத்துக்கு அழைக்கவே தேவையில்லை. தானாக வந்து உட்காரும், கேள்வி கேட்கும், சண்டை போடும்.

நம் தொழிலதிபர்கள் சிலருக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கசக்கும். 'பட்டதாரிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று மேடையில் புலம்புவோம். பயிற்சிக்கு ஒரு இயந்திரம் கேட்டால், ஒரு அனுபவசாலியை வாரம் இரண்டு மணி நேரம் அனுப்பச் சொன்னால், உற்பத்தி பாதிக்கும் என்போம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அனுப்பச் சொல்லிப் பல்கலைக்கழகம் கேட்டபோது நான் மூன்று முறை தட்டிக் கழித்திருக்கிறேன்.

செவிலியர் படிப்பைப் பாருங்கள். இடங்களைக் கூட்டினால் செவிலியர்கள் பெருகிவிடுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். மாணவர்கள் மருத்துவமனை வார்டில் பயிற்சி பெற வேண்டும். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க அனுபவமுள்ள செவிலியர் வேண்டும். அவருக்கோ ஏற்கெனவே கை நிறைய நோயாளிகள். வகுப்பறை எவ்வளவு பெரிதானாலும் வார்டில் அந்த ஒருவருக்கு நேரம் இல்லையென்றால் எல்லாம் அங்கேயே முட்டி நிற்கும். மருத்துவமனை அவருடைய பணிச்சுமையில் ஒரு பங்கைக் குறைத்து, கற்பிப்பதையும் வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அது கூட்டாண்மை. இல்லையென்றால் மாணவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பார், அவ்வளவுதான்.

ஊர் தன் பங்கைப் போட்டதற்கு எனக்குப் பிடித்த கதை 1903-ல் டெக்சாஸின் டெரல் என்ற ஊரில் நடந்தது. முன்பு அயோவா வேளாண் கல்லூரியின் தலைவராக இருந்த சீமன் நாப், புதிய சாகுபடி முறையை ஒரு விவசாயியின் நிலத்திலேயே செய்துகாட்ட விரும்பினார். நட்டம் வந்தால் யார் பொறுப்பு என்பதுதான் அந்த விவசாயியின் கவலையாக இருக்கும், நியாயம்தானே. உள்ளூர் வணிகர்கள் சேர்ந்து, நட்டம் வந்தால் ஈடுகட்ட ஒரு நிதி வைத்தார்கள். அந்த ஆண்டு அவருக்கு லாபம் வந்தது, நிதியைத் தொட வேண்டியிருக்கவில்லை. இப்படிப்பட்ட முயற்சிகளிலிருந்து வளர்ந்த விரிவாக்கப் பணிக்கு 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. வேளாண் கல்லூரிகளின் அறிவை வயலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு அது. மத்திய அரசு, மாநிலம், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) என்று செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மோன்ட்ராகோன் ஊரிலும் தொடக்கம் ஒரு சின்னப் பள்ளிதான். அங்கிருந்த பெரிய தொழிற்சாலையின் பயிற்சிப் பள்ளியில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கவில்லை. அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற பாதிரியார் ஊர்மக்களின் ஆதரவோடு 1943-ல் தனியாக ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அதில் படித்த ஐந்து பேர் 1956-ல் ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையை நிறுவினார்கள். 1966-ல் மாணவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வந்தது; பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு. படிக்க வசதியில்லாதவர் வேலை பார்த்தே கட்டணம் கட்டலாம். அந்தத் தொழிற்பள்ளி 1997-ல்தான் பல்கலைக்கழகம் ஆனது. நாம் வழக்கமாக முதலில் கட்டடம் கட்டி, பிறகு ஊரைத் தேடிப் போகிறோம். அங்கே ஊர் முதலில் இருந்தது.

சரி, எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் என்ன, கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடமா என்று ஒரு பேராசிரியர் நண்பர் என்னோடு விடாமல் சண்டை போடுவார். அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அடுத்த மாதத்துக்கு ஆள் வேண்டும். மாணவருக்கோ இன்னும் 30 ஆண்டுகள் வேலை வேண்டும். நான் பயன்படுத்தும் ஒரு குறிப்பிட்ட மென்பொருளை மட்டும் பாடமாக்கச் சொன்னால் அது என் பயிற்சிச் செலவை மாணவர் தலையில் கட்டுவது. அதை ஒரு துணைவேந்தர் மறுத்தால் நான் அவர் பக்கம்தான். ஒரே நிறுவனத்தை நம்பிப் பாடத்திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுன் ஊரை நினைத்துக்கொள்வேன். 1977 செப்டம்பர் 19 அன்று ஒரு எஃகு ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேரின் வேலை போனது. ஆலை போனாலும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருந்தது. 2012-ல் முப்பரிமாண அச்சுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் அந்த ஊருக்கு வந்தபோது கைகோக்க அது தயாராக இருந்தது. எஃகை மட்டும் கற்பித்திருந்தால் அந்த ஆலையோடு சேர்ந்து அதுவும் முடிந்திருக்கும்.

இன்னொரு பக்கம் யாரும் பேசுவதில்லை. கூட்டத்துக்கு வருவதெல்லாம் பெரிய நிறுவனங்கள். மனிதவளத் துறை என்று ஒன்று இருக்கிறது, ஒருவரை அனுப்பிவிடுவார்கள். எட்டுப் பேர் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து யார் வர முடியும்? வந்தால் அன்று ஒரு இயந்திரம் நிற்கும். ஆனால் பல வட்டாரங்களில் வேலைவாய்ப்பில் பெரும்பங்கு இப்படிப்பட்ட சிறு இடங்களில்தான் கிடக்கிறது. பத்துப் பட்டறைகள் சங்கமாகச் சேர்ந்து ஒரு மாணவரைப் பங்கு போட்டுப் பயிற்றுவிக்கலாம். பல்கலைக்கழகம் அவர்களை வரச்சொல்லிக் கடிதம் போடுவதை விட்டுவிட்டு, ஒருவரைப் பட்டறைக்கு அனுப்பலாம். கடிதம் அனுப்புவது சுலபம் என்பதால் கடிதமே போகிறது.

ஆய்வகக் கதைக்கு வருகிறேன். மாலையிலும் திறந்து வைக்கலாமே என்ற யோசனை நல்லது என்று அன்று எல்லாரும் சொன்னார்கள், குறிப்பேட்டிலும் ஏற்றினார்கள். பிறகு ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்தால், ஆய்வக உதவியாளருக்கு மாலை நேரப் படி கொடுக்க விதியில் இடமில்லையாம். சாவி அவரிடம்தான் இருக்கிறது. 70 ஒப்பந்தங்களும் ஒரு சாவிக்காகக் காத்திருந்தன. கடைசியில் நாங்கள் நான்கு சிறு பட்டறைக்காரர்கள் அந்தப் படியை ஆறு மாதத்துக்கு ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். மூன்று முறை தட்டிக் கழித்த நானும் என் மூத்த ஆபரேட்டரை வியாழக்கிழமைகளில் அனுப்பச் சம்மதித்தேன்.

போன மாதத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் இரவு எட்டரை வரை ஆய்வகம் திறந்திருக்கிறது. முதல் வியாழன் 11 பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் ஆட்கள், இரண்டு பேர் இறுதியாண்டு மாணவர்கள். மற்ற ஆறு பேர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் மட்டும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார்.