லூசிடானியாவில் கரி தள்ளியவர்களின் பெயர்கள்

லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் சொல்லும் கதை ஒன்றுதான். 1915 மே 7, அயர்லாந்தின் தெற்குக் கரையோரம், ஜெர்மன் நீர்மூழ்கி யூ-20 விட்ட ஒரே டார்பிடோ, 18 நிமிடத்தில் கப்பல் முழுகிப்போனது, ஏறக்குறைய 1,200 உயிர், அதில் இறந்த அமெரிக்கக் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட், அப்புறம் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதற்கு இது காரணமா இல்லையா என்கிற ஓயாத வாதம். இதில் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்களே சுமார் 700 பேர். அவர்களில் பாதிக்கும் மேல் செத்துப்போனார்கள். கேப்டன் டர்னரைத் தவிர ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்தப் பெயர்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் கப்பல் எதுவானாலும் கிளம்புமுன் வேலையாட்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பெயர், வயது, பிறந்த ஊர், வீட்டு முகவரி, என்ன வேலை, என்ன சம்பளம், இதற்கு முன் எந்தக் கப்பல் என்று வரிசையாகக் கட்டங்கள். எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார். கிடங்கிலிருந்து கரியை வாரிக் கொதிகலன் வாய்க்குத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு மாதம் 6 பவுண்டு. போர்க்காலச் சிக்கனம் என்று அந்தப் பயணத்தில் 25 கொதிகலன்களில் 6 அணைத்தே கிடந்தன. கப்பலின் வேகம் குறைந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், மிச்சக் கொதிகலன்களுக்குக் கரி போட்டது யார் என்று கேட்பதே இல்லை. இறந்தவர்களின் சம்பளத்தைக் கப்பல் முழுகிய மறுநாள், மே 8 வரை கணக்குப் பார்த்துக் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிவது அந்தத் தாள்களும் கணக்கும் தப்பியதால்தான். லிவர்பூல் கடல்சார் அருங்காட்சியகம் பயணிகள், பணியாளர்கள் என்று பார்க்காமல் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் தனித்தனியாகத் தொகுத்து வைத்திருப்பது உண்மையிலேயே பெரிய காரியம்.

சரி, அதுதான் இருக்கிறதே, இன்னும் என்ன என்று கேட்கலாம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பேர்பெற்ற கப்பல்களின் தாள்களை பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் தனியாக எடுத்து வைத்தது. மற்ற கப்பல்களின் பணியாளர் பட்டியல்களில் மாதிரிக்கு 10 சதவீதம் வைத்துக்கொண்டது. 5-ல் முடியும் ஆண்டுகளின் பட்டியல்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தில் பெரும்பகுதியை, மொத்தத்தில் சுமார் 70 சதவீதத்தை, கடல் கடந்து எடுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றியது கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகம். அவர்கள் மட்டும் முன்வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தாலே பகீர் என்கிறது. 1913-ல் தொடங்கிய மாலுமிகள் பதிவேட்டில் போர்க்காலப் பகுதி அழிக்கப்பட்டே போய்விட்டது என்பதால் அந்த ஆண்டுகளுக்கு இந்தப் பட்டியல்களை விட்டால் நாதியில்லை.

ஒரு கப்பலின் சரித்திரம் அந்த ஒரு கப்பலின் தாளில் முடிவதில்லை. 'இதற்கு முன் எந்தக் கப்பல்' என்ற கட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால்தான் ஓர் ஆளின் வாழ்க்கை பிடிபடும். அவர் அதற்கு முன் ஏதோ ஒரு பழைய சரக்குக் கப்பலில் இருந்திருப்பார், அதன் பட்டியல் வேறொரு கண்டத்தில் பெட்டிக்குள் இருக்கும். மாதிரிக்குப் பத்தில் ஒன்று போதும் என்பது தலை எண்ணுகிறவருக்குச் சரி. ஒரு மனிதனைத் தேடுகிறவருக்கு அது சங்கிலியை அறுத்துவிட்ட மாதிரி.

1915-ஆம் ஆண்டுப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து படித்துத் தட்டச்சு செய்தார்கள், ஏழரை லட்சம் பெயர்கள், இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். மாலுமிகள் மாற்றுப்பெயரில் சேருவதும் உண்டு, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததும் உண்டு, இந்தியக் கடலோடிகளின் பெயர்கள் பல அப்படித்தான் உருமாறிக் கிடக்கின்றன. அவ்வளவு சிக்கலையும் மீறி ஒரு முழு ஆண்டை முடித்துக் காட்டியிருக்கிறார்கள். 1914-க்கும் 1913-க்கும் அதேபோல் செய்ய முடியும். பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும், அதை பிரிட்டிஷ் அரசும் அந்தக் கப்பல்களால் சம்பாதித்த நிறுவனங்களின் இன்றைய வாரிசுகளும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நூறாவது முறையாக வாண்டர்பில்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் காசு கிடைக்கிறதே, இதற்குக் கிடைக்காதா?