“அதான் சி.எஸ்.ஆர். குடுத்துட்டோம்ல, கெளம்புங்க”

பாலியல் கொடுமையைப் பின்னாளில் வெளியே சொல்லும் பெண்களிடம் “அப்பவே ஏன் போலீஸ்ல சொல்லல?” என்று கேட்கும் கமெண்ட்டை எங்கே பார்த்தாலும் எனக்கு ஒரு மர பெஞ்சுதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு மகளிர் காவல் நிலைய வாசலில் வேப்பமரத்தடியில் கிடக்கும், ஒரு கால் ஆடும் பெஞ்ச். காலை பத்தரைக்குப் போய் உட்கார்ந்தோம். எழுந்தபோது மணி நாலு.

பாலியல் வல்லுறவுப் புகார் கொடுக்கப் போயிருந்தோம். நான், அவள், அவள் அம்மா. அவள் யார், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவள் படித்துப் பார்த்து “போடுங்கக்கா” என்று சொன்ன பிறகுதான் பதிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் மேடம் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். புகார்களை எழுதும் ரைட்டர் மட்டும்தான் இருந்தார். சிடுசிடு ஆள் இல்லை, “உக்காரும்மா, தண்ணி குடி” என்றுதான் ஆரம்பித்தார். எழுதவும் ஆரம்பித்தார். “பையன் யாரு?”

“அத்தை மகன்.”

“அப்ப முறைப்பையனா?”

அந்த இடத்தில் பேனா நின்றது. அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவே இல்லை. அம்மாவிடம்தான் பேசினார். பெரியவங்க கூடிப் பேசினீங்களா, பையன் என்ன வேலை, கேஸ் ஆயிட்டா நாளைக்குக் கல்யாணம் காட்சி எப்படி. அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு அது மகள் வழக்கு மட்டும் இல்லை, கூடப் பிறந்த அண்ணனின் மகன் மேல் வழக்கு... இல்லை, தப்பு, நாத்தனார் மகன். (நானே முறையில் குழம்புகிறேன் பாருங்கள். அந்த ஸ்டேஷனில் அன்று இந்த முறை ஆராய்ச்சிக்கே ஒரு மணி நேரம் போனது.)

கட்டி வைத்துவிட்டால் முடிந்தது என்ற யோசனை ஏதோ ஒரு ரைட்டரின் அறியாமை இல்லை. 2015-இல் கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில், பாலியல் வல்லுறவுக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றமே. அடுத்த சில நாட்களில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், இந்தக் குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட, இங்கே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீதிபதிக்கே அப்படித் தோன்றியிருக்கிறது என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தோன்றாதா?

நாலு மணிக்குக் கையில் ஒரு சீட்டு கிடைத்தது. சி.எஸ்.ஆர். நம் ஊரில் ஸ்டேஷன் வாசல் மிதித்தவர்களுக்குத் தெரியும், மிதிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அது எஃப்.ஐ.ஆர். இல்லை, அதாவது வழக்கைப் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை இல்லை. அதை வைத்து யாரையும் கைது செய்ய மாட்டார்கள், விசாரணை என்ற சக்கரம் சுற்றவே ஆரம்பிக்காது. பர்ஸ் தொலைந்தாலும் அதே சீட்டுதான். ஆனால் முத்திரை குத்தி, நம்பர் போட்டு, கையெழுத்தோடு தருவதால் வழக்கு பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் ஏராளம். மூன்று மாதம் கழித்து, “விசாரிச்சோம், இரு தரப்பும் சமாதானமா போயிட்டாங்க” என்று அது முடித்து வைக்கப்படும்.

கைதுக்குரிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தில் சில குற்றங்களுக்கு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் அதையும் சொல்லிப் பார்ப்பார்கள். அது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, அதுவும் டி.எஸ்.பி. அனுமதியோடு. வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கிற அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவு. “எங்க லிமிட் இல்லை” என்பதும் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பி வைக்க வேண்டியது அவர்கள் வேலை.

மறுநாள் ஒரு பெண் வக்கீலோடு போனோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. 199 என்று ஒரு காகிதத்தில் எழுதி மேஜையில் வைத்தார். அன்று இன்ஸ்பெக்டர் மேடம் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். முறைப்பையன் கதையை முதல் வரியிலேயே வெட்டிவிட்டு, அம்மாவை வெளியே உட்கார வைத்து, அவளிடம் மட்டும் கேட்டார். ரைட்டர் எழுதியிருந்த வரைவில் “ஆசை வார்த்தை கூறி” என்று ஒரு வரி. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. எங்கிருந்து வந்தது? நாற்பது வருஷமாக நம் பத்திரிகைகளும் ஸ்டேஷன்களும் மாறி மாறி எழுதிய வரி, கை தானாக எழுதுகிறது. இன்ஸ்பெக்டர் அதை அடித்துவிட்டு அவள் வார்த்தையிலேயே எழுதச் சொன்னார். கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்டச் சொல்லுங்கள், தப்பிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் 2024 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கொடுமைக்கு அந்த மாணவி உடனே புகார் கொடுத்தார். நீங்கள் கேட்கிற மாதிரியே, உடனே. நடந்தது என்ன? எஃப்.ஐ.ஆர். அப்படியே வெளியே வந்து வாட்ஸப்பில் சுற்றியது. மென்பொருள் கோளாறு என்றார்கள். அதில் எழுதியிருந்த மொழியே பெண்ணைக் குற்றவாளியாக்குகிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்து, 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பும் வந்தது, குறைந்தது 30 ஆண்டு வெளியே வர முடியாத ஆயுள். வேகம் முடியாத காரியம் இல்லை என்று அது காட்டியது. ஆனால் அந்த எஃப்.ஐ.ஆரை ஃபார்வர்டு செய்தவர்களில் என் காலேஜ் குரூப் நண்பர்களும் உண்டு. “பாவம்டா” என்று ஒரு எமோஜியோடு அனுப்பினார்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பொள்ளாச்சி பாலியல் வழக்கு அதற்கு முன்பே. 2019 பிப்ரவரியில் புகார் கொடுத்த பெண்ணின் அண்ணனை அடித்தார்கள். பிறகு எஸ்.பி.யே பிரஸ் மீட்டில் அவர் பெயரைச் சொன்னார். சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. இதையெல்லாம் பார்த்த பிறகும் மற்ற பெண்கள் முன்வந்து, மூடிய நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி, யாரும் பிறழாமல் நின்று, 2025 மே 13-இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் வாங்கிக் கொடுத்தார்கள். ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தை அவர்கள் வீட்டில் எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமமான வாச்சாத்தி? வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து பெண்களை வல்லுறவு செய்தது 1992 ஜூனில், சி.பி.ஐ. விசாரணைக்கே 1995 ஆனது, முதல் தீர்ப்பு 2011, மேல்முறையீட்டில் உறுதியானது 2023. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள், தீர்ப்புக்கு முன்பே 54 பேர் செத்துப் போனார்கள். சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்ததும் அதே 1992-தான்.

ஆஸ்பத்திரி பற்றியும் கொஞ்சம். பலரும் ஸ்டேஷனுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். நான் ஆஸ்பத்திரியை முதலில் சொல்வேன். போலீஸ் கடிதம் இல்லாமலே பரிசோதிக்கலாம். அரசு, தனியார் இரண்டுமே இலவசமாகச் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம்தான் கணக்கு, கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் அதற்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், தாண்டிவிட்டாலும் ஐந்து நாள் வரை கேளுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பரிசோதனை வேண்டாம் என்று அவள் சொன்னாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. இரு விரல் பரிசோதனை செய்தால் அது ஒழுங்கீனம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் கட்டிக்கொண்டு தடயம் கெடும். குளித்துவிட்டாளா, துவைத்துவிட்டாளா, பரவாயில்லை, போங்கள். அவள் குளித்திருந்தாள். மூன்று தரம். “அதான் போச்சே” என்று அங்கே ஒருவர் சலித்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இழப்பீட்டு மனுவும் அங்கேதான். 181-க்கு அடித்தால் ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே என்று சொல்வார்கள். தங்க இடம், கவுன்சலிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ். குழந்தை என்றால் 1098.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த முதல் நாள் பெஞ்சில் எனக்கு ஒரு பிரிவு எண்ணும் ஞாபகம் வரவில்லை. நான் செய்தது மூன்றே காரியம். தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன். அவள் போனை வாங்கி என்னிடம் வைத்துக்கொண்டேன், சொந்தக்காரர்கள் அரை மணிக்கொரு தரம் அடித்துக்கொண்டே இருந்ததால். பாத்ரூம் எங்கே என்று கேட்டுக் கூட்டிப் போனேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பின்னால் ஒருநாள் அவள் சொன்னாள், “அன்னைக்கு நீங்க ஒண்ணுமே கேக்காம இருந்தீங்களேக்கா, அதான்.”

அத்தை வீட்டோடு போக்குவரத்து நின்றுவிட்டது. இந்தப் பொங்கலுக்கு அம்மா தனியாக அழுதார். அவளுக்கு வேலை வேறு ஊரில். வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. போன தடவை வக்கீல்கள் புறக்கணிப்பு, அதற்கு முந்தின தடவை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். அடுத்த வாய்தா வருகிற செவ்வாய்க்கிழமை. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன். தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.